ரேஸை முழுக்கத் திருகியும் சுற்று ஏறவில்லையா? பழைய அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு

ரேஸை முழுக்கத் திருகியாகிவிட்டது. மோட்டார் சத்தம் போடுகிறது, படகும் நகர்கிறது. ஆனால் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறதே தவிர, எழும்பி ஓடமாட்டேன் என்கிறது. செகண்ட் ஹேண்டில் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் வாங்கியவர்கள் பலர் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். அப்போது எல்லோருடைய கையும் முதலில் போவது கார்புரேட்டருக்கு.

என் கையும் அங்கேதான் போனது. என்னுடையது 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், கைப்பிடியைத் திருகி ஓட்டும் வகை. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் ஒன்றையும் வாங்கி மாற்றினேன். கழுவுவதற்கு முன் நிமிடத்துக்கு 3900 சுற்று. கழுவிய பின் 3900. காயில் மாற்றிய பின்னும் 3900. கோளாறு வேறெங்கோ இருந்தது. அது எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த எண் ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றதே, அதுவே பெரிய தடயம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இது புதிதாக மோட்டார் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு. ஸ்பேனர் எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் அதிகம்.

முதலில் உண்மையான எண்

காதால் கேட்டு "சுற்று கம்மியா இருக்கு" என்று சொல்வது போதாது. பழைய மோட்டார்களில் பெரும்பாலும் டாக்கோமீட்டர் இருக்காது. பிளக் ஒயர் மேல் ஒரு கம்பியைச் சுற்றினால் சுற்று காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் செட்டிங் சரியாக இருக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டருக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழும். மீட்டரை ஃபோர்-ஸ்ட்ரோக் கணக்கில் வைத்திருந்தால் எண் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ காட்டும். அதை நம்பி மோட்டாரைப் பிரிப்பவர்களும் உண்டு.

அடுத்தது, எவ்வளவு வர வேண்டும் என்பது. இது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். நம் கரைகளில் அதிகம் தென்படும் யமஹா எண்டுரோ 40-க்கு முழு ரேஸில் 4500 முதல் 5500 வரை. பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பல இந்த எல்லைக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். வழக்கமான சுமையோடு அந்த எல்லையின் மேல்பாதிக்குள் ஓடினால் நல்லது.

"வேகம் கொஞ்சம் குறைந்தால் என்ன, பெட்ரோல் மிச்சம்தானே" என்று விட்டுவிட வேண்டாம். ரேஸ் முழுக்கத் திறந்திருந்தும் சுற்று ஏறாத மோட்டார், டாப் கியரில் மலை ஏறும் லாரி மாதிரி. சூடு ஏறும், கரி சேரும். பெட்ரோல் போதாமல் சுற்று குறைந்திருந்தால் இன்னும் மோசம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், முழு வேகத்தில் பிஸ்டன் கடித்துவிடும்.

சோதனை எல்லாம் தண்ணீரில், சுமையோடு, கியரில் நடக்க வேண்டும். கரையில் ஹோஸ் மாட்டியோ டிரம்மில் இறக்கியோ முழு ரேஸ் கொடுக்காதீர்கள். நியூட்ரலிலும் வேண்டாம். சுமையில்லாத மோட்டார் கண்டபடி ஏறும், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, மோட்டாருக்குச் சேதம் மட்டும் மிஞ்சும். கூட ஒருவர் இருக்கட்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க. ஓட்டுபவர் மோட்டாரை நிறுத்தும் சுருள் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும்.

எப்படிக் குறைகிறது என்று கவனியுங்கள்

ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், கவனித்தால் போதும். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சத்தம் சீராக இருக்கிறது, உதறல் இல்லை, ஆனால் எப்போதும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கிறது என்றால், மோட்டாரின் உள்ளே கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ரேஸ் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது படகோ புரொப்பெல்லரோ அதற்குப் பாரமாக இருக்கிறது.

முதலில் நன்றாக ஏறி, ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் ஓடி, பிறகு தளர்ந்து, ரேஸைக் குறைத்தால் மீண்டும் தேறுகிறது என்றால் பெட்ரோல் வழியைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது தீர்ந்துவிட்டது, வந்து சேர்வது போதவில்லை.

உதறுகிறது, சத்தம் கரகரக்கிறது, புகை அதிகம், பாதி பலம்தான் இருக்கிறது என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

திடீரென்று யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் 2000 சுற்றுப் பக்கம் இறங்கி, அதற்கு மேல் ஏற மறுக்கிறது என்றால் சில மாடல்களில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. சூடு அதிகமானாலோ ஆயில் குறைந்தாலோ மோட்டார் தானே சுற்றைக் கட்டுப்படுத்தும். அதோடு சண்டை போடாமல் உடனே நிறுத்துங்கள். பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பாக் நீரிணைக் கரையில் கடற்புல் ஏராளம், தண்ணீர் உறிஞ்சும் துளையில் அது வந்து அப்பிக்கொள்ளும். புல்லை எடுத்த பிறகும் பீய்ச்சல் பலவீனமாக இருந்தால் தண்ணீர் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று. மோட்டார் சுற்று எகிறுகிறது, படகு மட்டும் போகவில்லை என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் நழுவுகிறது. புஷ்ஷையும் புரொப்பெல்லரையும் சேர்த்துக் குறுக்காக ஒரு கோடு பெயிண்டில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

ரேஸ் உண்மையிலேயே முழுக்கத் திறக்கிறதா?

காசு செலவில்லாத சோதனை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பலர் இதைச் செய்வதில்லை.

மோட்டாரை நிறுத்தி, மூடியை எடுங்கள். சில மாடல்கள் நியூட்ரலில் முழுதாகத் திருக விடாது. அதனால் கியரில் போட வேண்டியிருக்கும். அதற்கு முன் பிளக் கேப்களைக் கழற்றிவிடுங்கள். ஒருவர் கைப்பிடியைக் கடைசிவரை திருகிப் பிடிக்கட்டும். நீங்கள் கார்புரேட்டரின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வட்டத் தகடு காற்றுக்குத் தடையே இல்லாமல் படுக்கைவாட்டில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேபிள் தொய்ந்திருக்கிறது, அல்லது இணைப்புக் கம்பியின் அளவு மாறியிருக்கிறது. சோக் தகடும் முழுதாக விலகியிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

என் மோட்டாரில் இதுதான். பக்கத்துப் படகில் வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டு டார்ச் அடிக்கச் சொன்னேன். "அண்ணே, இது முக்கால்வாசிதான் தொறக்குது" என்றான். கேபிளின் நட்டை நாலு சுற்று திருகியதும் தகடு சரியாக நின்றது. அன்று மாலையே 4400. இரண்டு முறை கார்புரேட்டர் கழுவியவன் ஒருமுறைகூட அதன் வாயைப் பார்க்கவில்லை.

பழைய மோட்டார்கள் பலவற்றில் ரேஸோடு சேர்ந்து பொறி விழும் நேரமும் முன்னே நகர வேண்டும். ஃப்ளைவீலுக்குக் கீழே உள்ள தட்டு கொஞ்சம் சுழல்வதைக் கண்ணால் பார்க்கலாம். ரேஸ் திருகும்போது அது அசையாமல் துருப்பிடித்து நின்றாலும், கம்பி கழன்றிருந்தாலும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும், மெதுவாக அழகாக ஓடும், மேலே மட்டும் ஏறாது.

பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய மோட்டாரில் கோளாறு மறைந்துகொள்ள நிறைய இடம் உள்ள பகுதி இதுதான்.

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? சிரிக்காதீர்கள், நானும் மறந்திருக்கிறேன். அது மூடியிருந்தால் டேங்கிற்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது.

திருகு திறந்திருந்தும் தளர்கிறது என்றால், முழு வேகத்தில் ஓடும்போது கூட இருப்பவரை ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை விட்டுவிட்டு அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கியதும் சுற்று ஏறினால், கோளாறு டேங்கிலிருந்து மோட்டாரின் பெட்ரோல் பம்ப் வரையிலான வழியில் எங்கோ இருக்கிறது. ஏறவே இல்லை என்றால், பெட்ரோல் பம்ப் வரை சிக்கல் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

பல்பைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் தெரியும். அப்பளம் மாதிரி தட்டையாக உள்ளே இழுத்திருந்தால் பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் திருகு, டேங்கிற்குள் உறிஞ்சும் குழாயின் சல்லடை, மடங்கிய ஹோஸ். தொளதொளவென்று இருந்து, அமுக்க அமுக்க இறுகவே மாட்டேன் என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது. மோட்டாரில் செருகும் கனெக்டரின் உள்ளே உள்ள ஓ-ரிங்தான் என் முதல் சந்தேகம். பெட்ரோல் வெளியே சொட்டாமலே அது காற்றை உள்ளே விடும். கனெக்டருக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற ஹோஸை இடையில் போட்டு ஓட்டினால் குமிழி போவது தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும், பிறகு எடுத்துவிடுங்கள்.

பழைய ஹோஸ் இன்னொரு வேடிக்கை காட்டும். வெளியே புதுசு போல் இருக்கும், உள் தோல் பிரிந்து தொங்கும். மெதுவாகப் போகும்போது பெட்ரோல் வழிந்து வரும். முழு ரேஸில் இழுக்கும்போது அந்தத் தோல் கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. அதற்கு முந்தைய காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹோஸின் வயது தெரியாது என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

எத்தனாலின் பெரிய தொல்லை தண்ணீர். கடல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். அந்த அடுக்கில் ஆயில் கிட்டத்தட்ட இருக்காது. ஆகவே அது போய்ச் சேர்ந்தால் சுற்று குறைவதோடு நிற்காது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அத்தனையும் வெளியே. ஹோஸ் வழியில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயில் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ 3 என்ற தரக்குறி இருக்க வேண்டும். பைக்குக்கு ஊற்றும் டூ-டி ஆயில் இதற்கு ஆகாது.

பெட்ரோல் வழி சுத்தம், பல்பை அமுக்கியும் ஏறவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை. ஓடும்போது சோக்கை ஒரு நொடி லேசாக இழுத்து விடுங்கள். சுற்று ஏறினால் மோட்டார் பெட்ரோலுக்கு ஏங்குகிறது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறது. இப்போது தாராளமாகக் கார்புரேட்டரைக் கழற்றலாம். இறங்கினால், அதைத் தொட வேண்டாம்.

பிளக் சொல்லும் கதை

முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி, ரேஸைக் குறைக்காமல் அப்படியே கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். சுற்றிலும் ஆளில்லாத இடத்தில், கூட இருப்பவரிடம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. பிறகு பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று மாறிவிடாமல் வரிசையாக வையுங்கள்.

டீ நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, முதலில் அதைச் சரிசெய்யாமல் வேகமாக ஓட்டாதீர்கள். கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரில் பொறி இல்லை. ஒன்று கறுப்பு, மற்றொன்று கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால், பளிச்சென்ற சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறதோ என்று ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ஈரமான பிளக்கை மற்ற சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறு பிளக்கோடு போனால் பிளக் போய்விட்டது. அதே சிலிண்டரில் நின்றால் கேப், ஒயர், காயில் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டு காயில்களும் ஒரே மாதிரியானவை என்றால் இடம் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். நான் செய்யாதது இதுதான்.

ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஷாக் அடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பொறி எங்கும் இறங்க வழியில்லாமல் போனால் பொறியை இயக்கும் சிடிஐ என்ற எலக்ட்ரானிக் பெட்டியே எரிந்துபோகலாம். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் ஒன்றை இரவல் வாங்கி ஒவ்வொரு ஒயரிலும் மாட்டிப் பாருங்கள். சுற்று ஏற ஏற வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் அந்த சிலிண்டரில்தான் சிக்கல். கீழே சரியாகவும் மேலே மட்டும் விட்டும் அடித்தால் ஃப்ளைவீலுக்குக் கீழே உள்ள ஸ்டேட்டர் காயில்களைப் பார்க்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையை மோட்டார் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது. மோட்டார் லேசாகச் சூடாக இருக்கட்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒயர்களை மோட்டாரின் உலோகத்தில் படும்படி வைத்து, நிறுத்தும் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ரேஸை முழுக்கத் திறந்து, ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு முறை இழுங்கள். கேஜுக்குக் கேஜ் எண் மாறும், அதனால் எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று 110, மற்றொன்று 80 என்றால் மற்ற சோதனை எதுவும் வேண்டாம். ரிங்கோ பிஸ்டனோ போய்விட்டது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, படகு?

படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீரிலேயே கிடக்கும் படகில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த மோட்டாரும் திணறும். பழைய ஃபைபர் படகின் உள்ளே அடைத்திருக்கும் நுரை தண்ணீர் குடித்துக் கனத்திருக்கலாம். காலி டேங்க், ஒரே ஆள் என்று ஓட்டிப் பாருங்கள். சுற்று சட்டென்று ஏறினால் கனம்தான் காரணம்.

மோட்டார் மாட்டியிருக்கும் உயரமும் உண்டு. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள பட்டைத் தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ 25 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழேயோ இருந்தால் போதும். 15 அங்குலப் பின்பலகையில் 20 அங்குலக் கால் உள்ள மோட்டாரை மாட்டியிருந்தால் ஐந்து அங்குலக் கால் வீணாகத் தண்ணீரில் இழுபடும். மோட்டாரின் சாய்வை நிறுத்தும் ஊசி படகை ஒட்டிய கடைசித் துளையில் இருந்தாலும் அணியம் தண்ணீரில் குத்திக்கொண்டு போகும். ஒரு துளை வெளியே தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகப் புரொப்பெல்லர். அதைத் தொடும் முன் பிளக் கேப்களைக் கழற்றிவிடுங்கள், கியரில் இருக்கும் மோட்டார் கையால் சுற்றினாலும் ஸ்டார்ட் ஆகலாம். இறக்கை மடங்கியிருக்கிறதா, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, அதில் பொறித்திருக்கும் பிட்ச் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு, நழுவலே இல்லாமல் போனால், எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதே பிட்ச்.

என் கணக்கைச் சொல்கிறேன். 4400 சுற்று, கியர் விகிதம் 2.00. அப்படியானால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2200, மணிக்கு 1,32,000 சுற்று. பிட்ச் 13 அங்குலம், அதாவது 0.33 மீட்டர். பெருக்கினால் மணிக்கு 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போனில் ஜிபிஎஸ் காட்டியது 32, நீரோட்டம் கணக்கைக் கெடுக்காமலிருக்கப் போகும்போதும் வரும்போதும் எடுத்த சராசரி. கால் பங்கு நழுவல். என் கனத்த படகுக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் மோட்டார் 4500-ஐத் தொடாமல் முக்குகிறது என்றால் 13 அங்குலம் அதற்கு அதிகம். முன்பு வைத்திருந்தவர் லேசான படகில் ஓட்டியிருப்பார்போல.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று சுமார் 150 முதல் 200 வரை ஏறும். 11 அங்குலத்துக்கு மாறினேன். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே புரொப்பெல்லரில் கை வையுங்கள். கேபிளைச் சரிசெய்யாமல் இதை முதலில் செய்திருந்தால் சுற்று கொஞ்சம் ஏறியிருக்கும், ரேஸ் முக்கால்வாசிதான் திறக்கிறது என்பது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே ஓர் ஓட்டம், எண்ணை எழுதிவைத்தல். மெக்கானிக்கிடம் போக வேண்டியிருந்தாலும் அந்தத் தாளோடு போனால் அவருக்கும் பாதி நேரம் மிச்சம்.

என் மோட்டார் மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: இரண்டு பேர், 20 லிட்டர், 11 பிட்ச், 4750.